ஓட்டோகாட் பிளானுக்கு நிறம் கொடுப்பது: கல்லடியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

மட்டக்களப்பு கல்லடியிலிருந்து தங்கச்சி ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: ஓட்டோகாட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்த வீட்டு பிளானை வீட்டுக்காரருக்குக் காட்ட நிறம் போட வேண்டும். ஹட்ச் (மூடிய இடத்தை நிறத்தாலோ கோடுகளாலோ நிரப்புவது) போட்டால் சுவர்க்கோடும் எழுத்தும் மறைந்துவிடுகின்றன. பிறின்ட் எடுத்தால் திரையில் கண்ட நிறம் தாளில் வருவதில்லை. போட்டோஷொப் படித்தால் இது சரிவருமா? அந்த வேலைக்கு வேறாகக் காசு கேட்கலாமா? எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பதுபோல இருந்தாலும், நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் மென்பொருளோடு பெரிய சம்பந்தம் இல்லை. முதலாவது, வரைபடத்துக்குள் எது மேலே எது கீழே என்ற ஒழுங்கு. இரண்டாவது, திரைக்கும் மைக்கும் உள்ள வேறுபாடு. போட்டோஷொப்புக்குப் போனால் இரண்டும் உங்களோடு கூடவே வரும்.

நான் கல்முனைப் பக்கம் படவரைஞராக வேலை செய்கிறவன். ட்ரேசிங் தாளில் ரொட்றிங் பேனாவால் கீறிப் பழகிவிட்டுக் கணினிக்கு வந்தேன். வீடு, கடைத்தொகுதி, சின்ன மண்டபம் இவைதான் என் கைக்கு வருபவை. போட்டிகளுக்கும் கண்காட்சிகளுக்கும் செய்யும் பெரிய பலகை வேலை எனக்குப் பழக்கமில்லை, அதைப் பற்றி இங்கே பேசவும் மாட்டேன்.

நிறம் யாருக்கு என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். மேசனுக்கும் தச்சனுக்கும் அது தேவையில்லை. அவர்களுக்கு அளவு வேண்டும். நிறம் வேண்டியது பிளான் வாசிக்கத் தெரியாத வீட்டுக்காரருக்கு. அவருக்கு இரட்டைக் கோடு சுவர் என்பதும், கால்வட்டம் கதவு திறக்கும் பக்கம் என்பதும் உடனே பிடிபடாது. விறாந்தை எங்கே முடிகிறது, ஹோல் எங்கே தொடங்குகிறது, குசினியிலிருந்து கிணற்றடிக்கு எப்படிப் போவது, இவை ஒரே பார்வையில் தெரிந்தால் போதும். அந்த வேலைக்கு நாலைந்து நிறம் தாராளம். அறைக்கு ஒரு நிறமாகப் பத்து நிறம் போட்ட பிளான்களைப் பார்க்கிறேன். அதில் கண் நிறத்தைத்தான் பார்க்கும், வீட்டைப் பார்க்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. நம் ஆட்கள் நிறத்தை அப்படியே பொருளாக எடுத்துக்கொள்வார்கள். குளியலறைக்கு வெளிர்நீலம் போட்டுக் கொடுத்த பிளானைப் பார்த்து, "இந்த நீல மாபிள் வேணாம் தம்பி, வழுக்குற மாதிரிக் கிடக்கு" என்றார் ஓர் அக்கா. பழைய வீட்டில் சிவப்புச் சீமெந்துத் தரையில் நடந்து வளர்ந்தவருக்குச் செம்மண் நிற விறாந்தை சிவப்புச் சீமெந்துதான். ஆகவே ஒன்றில் உண்மையில் போடப்போகும் பொருளுக்குக் கிட்டிய நிறத்தைப் போடுங்கள், இல்லாவிட்டால் மூலையில் சிறு விளக்கக் கட்டம் போட்டு "நிறம் இடத்தைக் குறிப்பது, பொருளை அல்ல" என்று எழுதிவிடுங்கள். நான் பெரும்பாலும் முதல் வழியில்தான் போகிறேன், விளக்கக் கட்டத்தை யாரும் வாசிப்பதில்லை.

நான் வைத்திருக்கும் எண்களைத் தருகிறேன், உங்கள் கண்ணுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ட்ரூ கலர் பெட்டியில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசை) எண்களாக: சுவர் 70, 70, 70. அறையும் ஹோலும் 250, 242, 225. விறாந்தை 228, 205, 180. தண்ணீர் புழங்கும் இடங்கள் 210, 228, 235. முற்றமும் தோட்டமும் 215, 226, 195. எல்லாம் வெளிறிய நிறங்கள், சுவர் மட்டும் கடும். பிளானை வாசிக்க வைப்பது அந்தச் சுவரின் கருமைதான். ஒரு நிறமும் போடாமல் சுவரை மட்டும் நிரப்பினாலே பாதி வேலை முடிந்துவிடும். தளபாடங்களுக்கு நிறமே வேண்டாம். வெள்ளையாக, மெல்லிய கோட்டோடு கிடக்கட்டும்.

இனி ஹட்ச். ஹோலுக்குள் சொடுக்கினால் நிறம் கதவால் ஓடிப்போய் அறையையும் நிரப்புகிறது, அல்லது எல்லை கிடைக்கவில்லை என்று சிவப்பு வட்டங்கள் வருகின்றன. எல்லை மூடவில்லை என்பதுதான் காரணம். இடைவெளியைப் பொருட்படுத்தாமல் நிரப்பச் சொல்லும் கப் டொலரன்ஸ் என்ற அமைப்பு ஒன்று உண்டு. சிறு பிளவுகளுக்குச் சரி, கதவு வாசலுக்கு உதவாது. நான் செய்வது வேறு. சுவர்க்கோடுகளை நம்பி ஹட்ச் போடுவதே இல்லை. அச்சில் வராத ஒரு லேயரில் (வரைபடத்தின் ஓர் அடுக்கில்), ஒவ்வோர் இடத்தையும் சுற்றி மூடிய பொலிலைன் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே கோடு) ஒன்று கீறுவேன். அது சுவரின் உள்முகத்தோடு நிற்காது, சுவரின் நடுக்கோடு வரை போகும். கதவு இருக்கும் இடத்திலும் நடுக்கோட்டாலேயே போகும். அந்தப் பொலிலைனைத் தெரிவுசெய்து சொலிட் ஹட்ச், அதாவது ஒரே நிறத்தால் முழுக்க நிரப்பும் ஹட்ச், போடுவேன். அதன்மேல் சுவரைக் கடும் சாம்பலில் தனி ஹட்சாக வைப்பேன். இரு பக்க நிறமும் சுவருக்கு அடியில் ஒன்றையொன்று தொடுவதால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரியாது, வாசற்படியில் நிறம் தானாகவே சரியாக மாறும். தொடக்கத்தில் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் வீட்டுக்காரர் வந்து "அறையை இரண்டு அடி கூட்டுங்கோ" என்று சொல்லும் நாளில் அந்த நேரம் திரும்பக் கிடைக்கும். அசோசியேட்டிவ் என்பதை ஓன் செய்து போட்ட ஹட்ச், பொலிலைனை இழுத்தால் கூடவே நீளும்.

நில அளவையாளரின் பைலில் இருந்து வளவை எடுத்து அதன்மேல் வீட்டை வரைபவர்களுக்கு இன்னொரு தொல்லை வரும். ஹட்ச் உடைந்து கோணல்மாணலாக வரும், அல்லது வரவே வராது. மூடிய எல்லைதானே, ஏன் இப்படி என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இலங்கையின் நில அளவை ஆள்கூறுகள் பிதுருதலாகலையை மையமாக வைத்து, அந்த இடத்துக்குக் கிழக்காக 5 இலட்சம் மீற்றர், வடக்காக 5 இலட்சம் மீற்றர் என்று எண் கொடுத்துத் தொடங்குகின்றன. அந்தக் கணக்கில் மட்டக்களப்பு நகரம் கிழக்காக 6 இலட்சம் மீற்றருக்குக் கிட்ட வரும். அதை மில்லிமீற்றருக்கு மாற்றினால் 60 கோடி. பூச்சியப் புள்ளியிலிருந்து அவ்வளவு தூரத்தில் இருக்கும் வரைபடத்தில் ஹட்ச் கணக்கு பிசகும். வரைபடத்தின் ஒரு பிரதியை எடுத்துப் பூச்சியத்துக்குக் கிட்ட நகர்த்திவிட்டு நிறம் போடுங்கள். மூலப் பைலைத் தொடாதீர்கள், எல்லைக் கல்லின் எண்கள் அதில்தான் இருக்கின்றன.

கோடு மறைவதற்கு வருவோம். ஓட்டோகாட்டில் பிறகு போட்டது மேலே உட்காரும். ஹட்ச்டுபேக் என்ற கட்டளை எல்லா ஹட்சையும் ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளிவிடும். அதற்குப் பிறகு சுவர் ஹட்சை மட்டும் தெரிவுசெய்து, ட்ரோ ஓடரில் (மேல் கீழ் ஒழுங்கை மாற்றும் கட்டளையில்) தரை நிறங்களுக்கு மேலே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் நடுக்கோடு வரை போன தரைநிறம் சுவரை விழுங்கும். கோடும் எழுத்தும் எல்லாவற்றுக்கும் மேல். பலர் இதைச் செய்யாமல் ட்ரான்ஸ்பரன்சி (கீழே உள்ளது ஊடுருவித் தெரியும் தன்மை) கொடுத்துச் சமாளிக்கிறார்கள். திரையில் அழகாகத் தெரியும். ஆனால் அச்சுக்குக் கொடுக்கும் புளொட் பெட்டியில் ட்ரான்ஸ்பரன்சிக்கு ஒரு சின்னச் சதுரம் உண்டு. அதைச் சரி போடாவிட்டால் தாளில் எல்லாம் கடும் நிறமாக வரும். சரி போட்டால், நான் பாவித்த பதிப்புகளில் பிடிஎவ் கனத்துப்போய்க் கோடுகள் படமாக மாறின, பெரிதாக்கிப் பார்த்தால் பிசிறு தெரியும். எல்லாப் பதிப்பிலும் இதே அளவுக்கு நடக்கும் என்று சொல்லமாட்டேன். என் அபிப்பிராயம்: கடும் நிறத்தை எடுத்து அதை ஊடுருவச் செய்வதைவிட, முதலிலேயே வெளிறிய நிறத்தை எடுத்துவிடுங்கள். முடிவு ஒன்றுதான், தலையிடி இல்லை.

"மொனோகுறோம் சிரீபி வைத்தால் அறை முழுக்கக் கறுப்பாக வருகிறது, கலர் சிரீபி வைத்தால் கோடெல்லாம் மஞ்சளும் பச்சையுமாக வருகிறது" என்றும் எழுதியிருந்தீர்கள். இதற்கு ஒரு நேரான வழி உண்டு. சிரீபி (CTB) என்பது எந்த நிறக் கோடு அச்சில் எப்படி வர வேண்டும் என்று சொல்லும் அட்டவணை; அது 1 முதல் 255 வரை எண்ணிட்ட இன்டெக்ஸ் நிறங்களுக்குத்தான் பொருந்தும். ட்ரூ கலரை அது தொடாது. ஆகவே கோடுகளை வழமைபோல இன்டெக்ஸ் நிறங்களில் விடுங்கள், நிறம் நிரப்பும் ஹட்சுகளை மட்டும் ட்ரூ கலரில் போடுங்கள். மொனோகுறோமிலேயே அச்சடியுங்கள். கோடு கறுப்பாகவும், அந்தந்தத் தடிப்பிலும் வரும். நிரப்பியது தன் நிறத்தில் வரும். மேலே நான் எண்களை ட்ரூ கலரில் கொடுத்தது இதற்காகத்தான்.

நிறங்களை எப்போதும் தனி லேயர்களில் வையுங்கள். கட்டட அனுமதிக்கு உள்ளூராட்சிச் சபைக்குக் கொடுக்கும் தாளும் வீட்டுக்காரருக்குக் காட்டும் தாளும் ஒரே பைலில் இரண்டு லேஅவுட்டாக (அச்சுத் தாள் அமைப்பாக) இருக்க வேண்டும். முதலாவதில் நிற லேயர்களை அந்த வியூபோட்டில் (தாளில் வரைபடம் தெரியும் சட்டத்தில்) மட்டும் ஃப்ரீஸ் செய்து மறைத்துவிடலாம். பைலை இரண்டாகப் பிரித்தால் ஒரு யன்னலை இடம் மாற்றும்போது ஒன்றில் மாற்றி மற்றதில் மறப்பது நிச்சயம். சபைத் தாளில் புதிய கட்டுமானம், ஏற்கெனவே உள்ளது, உடைக்கப்போவது என்பவற்றுக்கு நிறம் கேட்டால், அதை அந்தச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடமே கேட்டுவிட்டுப் போடுங்கள். அழகுக்குப் போட்ட நிறம் அந்தத் தாளில் இருந்தால், அவர் அதற்கும் அர்த்தம் தேடுவார்.

போட்டோஷொப் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. புல்லின் தன்மை, ஓட்டின் கோடுகள், மரநிழல் இவை வேண்டுமென்றால் அது நல்ல கருவி. ஓட்டோகாட்டிலிருந்து தாளின் அளவிலேயே பிடிஎவ் எடுத்து, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறவுங்கள். ஏ3 தாள் 4961க்கு 3508 பிக்சல் வரும். கோட்டு லேயரை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து அதன் கலப்பு முறையை மல்ற்றிப்ளை ஆக்குங்கள். வெள்ளை மறைந்து கறுப்பு மட்டும் நிற்கும். நிறங்களை அதற்குக் கீழே வேறு லேயர்களில் போடுங்கள். கோட்டின் ஓரம் சாம்பல் பிக்சல்களாக இருப்பதால் ஒரே நிறப் பரப்பைத் தெரிவுசெய்யும் மந்திரக்கோல் கருவி அதற்கு முன்னமே நின்றுவிடும், சுற்றிலும் வெள்ளைக் கரை தெரியும். தெரிவை 2 பிக்சல் விரித்துவிட்டு நிரப்பினால் நிறம் கோட்டுக்கு அடியில் போய்விடும். நடுக்கோடு வரை நிறத்தைக் கொண்டுபோன அதே உத்திதான். காசு கொடுத்து வாங்க வசதியில்லாவிட்டால் கிம்ப் இலவசம், மல்ற்றிப்ளை அதிலும் உண்டு. ஆனால் பிளான் முடிவாகாமல் அங்கே போகவேண்டாம். ஒரு சுவர் நகர்ந்தால் அத்தனையும் கையால் திருத்த வேண்டும்.

மரங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். இணையத்தில் இறக்கிய உருண்டை மரங்களையும் ஊசியிலை மரங்களையும் காத்தான்குடி வளவுக்குள் நட்டுவைக்கிறோம். மேலிருந்து பார்த்தால் தென்னை நட்சத்திரம்போல மட்டைகளை விரித்து நிற்கும், நடுவில் வெறுமையாக இருக்காது. வேம்பும் மாமரமும் அடர்ந்த திட்டுகள். இந்த மூன்றையும் ஒருமுறை நீங்களே வரைந்து புளொக்காக (திரும்பத் திரும்பப் போடக்கூடிய உருவமாக) வைத்துக்கொண்டால், வீட்டுக்காரர் "இது நம்மட மேற்கு மூலைத் தென்னை" என்று விரல் வைத்துச் சொல்வார். அதற்குப் பிறகு மற்ற எல்லாவற்றையும் அவரே வாசிப்பார்.

நிழலை மேல் இடப்பக்கத்திலிருந்து 45 பாகையில் வெளிச்சம் விழுவதாக வைத்துப் போடுவது வரைபட வழக்கம். அது உண்மையான வெயில் அல்ல என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். மட்டக்களப்பு ஏறத்தாழ 7.7 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தை அண்டியும் செப்டம்பர் முதல் வாரத்தை அண்டியும் நண்பகலில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே, நண்பகல் நிழல் தெற்கே விழும். கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் எந்த விறாந்தையில் நிழல் என்று கேட்பவருக்கு, அழகுக்குப் போட்ட நிழலைக் காட்டக் கூடாது. வளவுப் படத்தில் நிறத்துக்கு இதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது: மாரியில் தண்ணீர் நிற்கும் பள்ளத்தை வெளிர்நீலத்தில் காட்டி, அது ஒழுங்கைக்கு ஓடும் திசைக்கு அம்புக்குறி போடுவது. வாவிக்கரையை அண்டிய வளவுகளுக்கு நான் இதைத்தான் முதலில் செய்கிறேன்.

அச்சு நிறம் மாறுவது தவிர்க்க முடியாதது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு இயந்திரம் சியான், மஜென்டா, மஞ்சள், கறுப்பு மைகளால் காட்டுகிறது. பளிச்சென்ற பச்சையும் மின்னும் நீலமும் மையில் கிடையாது, மங்கித்தான் வரும். வெளிறிய நிறங்களில் வேறுபாடு குறைவு, ஆனால் மிக வெளிறியவை சில இயந்திரங்களில் வெள்ளையாகவே போய்விடும். எந்தக் கடையில் எது வரும் என்று இங்கிருந்து யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு ஏ4 தாளில் உங்கள் நிறங்களைச் சிறு சதுரங்களாக, ஒவ்வொன்றையும் மூன்று அழுத்தத்தில், கீழே எண் எழுதி, நீங்கள் வழமையாகப் போகும் கடையிலேயே அடித்தெடுங்கள். அந்தத் தாளைப் பார்த்து நிறத்தைத் தெரிவுசெய்யுங்கள், திரையைப் பார்த்தல்ல. அதே தாளைக் கறுப்பு வெள்ளையில் ஒரு போட்டோப் பிரதியும் எடுத்துப் பாருங்கள். இரண்டு நிறம் ஒரே சாம்பலாக வந்தால் ஒன்றை மாற்றுங்கள், உங்கள் தாள் எங்கேயாவது பிரதியெடுக்கப்படத்தான் போகிறது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். அவர்களுக்கும் இதே சோதனை உதவும்.

கடையில் அடிக்கும்போது தாளுக்கு ஏற்பச் சுருக்கும் தெரிவை எடுத்துவிட்டு, உள்ள அளவிலேயே அடிக்கச் சொல்லுங்கள். 20 பேர்ச் வளவு 506 சதுர மீற்றருக்குக் கிட்ட. அது 20க்கு 25 மீற்றர் என்றால் 1:100 இல் தாளில் 20க்கு 25 சென்ரிமீற்றர், ஏ3 இல் தாராளமாக அடங்கும். சுருக்கி அடித்துவிட்டால் வீட்டுக்காரர் அடிமட்டம் வைத்து அளந்துவிட்டு மேசனோடு வாதாடுவார். ஓர் அளவுக்கோல் பட்டையையும் வரைந்துவிடுங்கள், சுருங்கினாலும் அது கூடவே சுருங்கும். பைலைக் கொடுக்கும்போது பிடிஎவ் ஆகவே கொடுங்கள். "குசினி", "சாமியறை" என்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் எழுதிவிட்டு மூலப் பைலைக் கொண்டுபோனால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது வேறு ஏதோ பாஷையாக வரும்.

படத்தைக் கொடுத்தால் தானே நிறம் போட்டுத் தரும் செயற்கை நுண்ணறிவுத் தளங்களைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. நான் போட்டுப் பார்த்தவற்றில் இல்லாத யன்னல் முளைத்தது, சுவர் தடித்தது, படிக்கட்டு எங்கேயோ போனது. சோபாவுக்கு என்ன நிறம் என்று பேச உதவும், அளவுள்ள பிளானாக யாருடைய கையிலும் கொடுக்காதீர்கள்.

காசு கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் வேலை தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: கோட்டுப் பிளானுக்கு இவ்வளவு, நிறத் தாளுக்கு இவ்வளவு, நிறம் போட்ட பிறகு சுவரை மாற்றினால் அதற்கு இவ்வளவு. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டையும் யாரும் மறுப்பதில்லை.